ஐஸ் பெட்டிக் கணக்கு

மாரியில் மின்சாரம் போனால் திருகோணமலைச் சமையலறைகளில் எது தப்பும், எது கெடும்?

2013 டிசம்பர் 21ஆம் திகதி இரவு ரொறன்ரோவில் உறைமழை கொட்டியது. ஐஸ் பாரம் தாங்காமல் முறிந்த கொப்புகள் மின்கம்பிகளின் மேல் விழுந்தன. அந்த நகரத்தில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. நத்தார் கழிந்தும் கரண்ட் வராத வீடுகள் இருந்தன. நம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவும் அடிவாங்கிய இடங்களில் ஒன்று. அங்கே கவலை ஆட்கள் விறைத்துப் போவதைப் பற்றியது. ஆட்டிறைச்சிக் கறி கெட்டுப்போவதைப் பற்றியதல்ல. பால்கனிக் கதவைத் திறந்தால் வெளியே பூச்சியத்துக்குக் கீழே நிற்கிறது. வெயில் பட்டால் பனிக்குள் வைத்த சட்டியும் சூடேறும், றக்கூன் வந்து கிளறும் என்று அங்குள்ள சுகாதாரத்துறை எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் குளிருக்குப் பஞ்சமில்லை.

அதே டிசம்பரில் திருகோணமலையில் கரண்ட் போனால் கதை வேறு. வாடைக்காற்று வீசுகிறது, உவர்மலைப் பக்கம் பின்னேரம் நடக்கப் போகிறவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டுகிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் தடிமன். வெப்பமானியைப் பார்த்தால் பகலில் 28 பாகை செல்சியஸ், விடியப்புறத்தில் 24. உணவில் பக்ரீரியா பெருகும் ஆபத்து வலயம் 5 பாகையில் தொடங்கி 60 பாகை வரை போகிறது. நமக்குக் குளிர்கிற இந்தச் சூடு அவற்றுக்கு நல்ல வசதி. இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. காற்று சில்லென்று படும்போது சாப்பாடும் பத்திரமாகக் கிடக்கிறது என்று மனம் நம்பிவிடும். சித்திரை வெயிலில் மத்தியானச் சொதியைப் பின்னேரமே ஊற்றிவிடுகிற அதே ஆள், மார்கழியில் அதை இராச்சாப்பாட்டுக்கும் வைத்திருப்பார்.

இந்த மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். புயலும் அதே மாதங்களில்தான் வந்து சேர்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்குச் சற்று முன்னர் இலங்கையின் வடகிழக்கை உழுதுகொண்டுதான் போனது. 2000 டிசம்பர் 26ஆம் திகதி திருகோணமலைக் கரையை அடித்த சூறாவளி, 1978ஆம் ஆண்டு மட்டக்களப்புச் சூறாவளிக்குப் பிறகு தீவு கண்ட கடுமையான சூறாவளி. சரியாக நான்கு வருடம் கழித்து அதே திகதியில் கடலே ஊருக்குள் வந்ததால் அந்தச் சூறாவளியை இப்போது அதிகம் பேர் நினைப்பதில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய டித்வா நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாவிலாறு அணை உடைத்துக்கொள்ள, மூதூர், வெருகல், சேருவில பக்கத்துச் சனம் இருந்தது இருந்தபடி ஓடியது. அதே மாவிலாற்றின் மதகு 2006 ஜூலையில் மூடப்பட்டதுதான் கடைசிப் போரின் தொடக்கம் என்பதை அந்த ஊர்களில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

வெள்ளத்தில் வீடே போனவரிடம் பிரிஜ்ஜைப் பற்றிப் பேசுவது அநியாயம். இங்கே பேசப்போவது வீடும் கூரையும் நிற்க, கரண்ட் மட்டும் போன குடும்பங்களைப் பற்றி. ஒவ்வொரு புயலிலும் எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். நிவாரணப் பட்டியலில் பெயர் வராதவர்களும் அவர்கள்தான். இரண்டு நாள், மூன்று நாள் இருட்டில் அவர்கள் இழப்பது ஒரு மாதத்து இறைச்சி, மீன், பால். அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

வெயிலும் இல்லை, காற்றும் ஈரம்

மின்சாரமில்லாமல் உணவைக் காப்பாற்ற உலகம் கண்டுபிடித்த வழிகள் பல. குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் களிமண்ணாலேயே ஒரு குளிர்பெட்டி செய்து 'மிட்டிகூல்' என்று பெயர் வைத்தார். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, அதை நனைத்துத் தக்காளியைக் கிழமைக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று காட்டி 2000ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார். இரண்டும் ஒரே தத்துவம்: தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான்.

ஆனால் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் காற்றில் அதற்கு இடம் இருக்கவேண்டும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று உலர்ந்து அடிக்கும்போது திருகோணமலையில் இந்தப் பானை நன்றாகவே வேலை செய்யும். மார்கழியில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல். மழை விடாத நாளில் இன்னும் அதிகம். துவைத்த சாரமே மூன்று நாளாகக் காயாத வீட்டில் பானை எப்படிக் குளிரும்? கிணற்றுக்குள் வாளியில் இறக்கி வைக்கலாம் என்றால், இந்தக் கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரும் அதே வெதுவெதுப்புத்தான். யூடியூபில் காட்டும் புத்திகளில் பாதி வறண்ட நாட்டுக்கானவை, மீதி பனி பெய்யும் நாட்டுக்கானவை. இரண்டுக்கும் நடுவில் ஈரமும் சூடுமாக இருக்கிறோம் நாங்கள்.

கருவாட்டுக்கும் இதே சங்கடம். மீனை உப்பில் போட்டு வெயிலில் காயவைத்தால் அதிலுள்ள நீர் வெளியேறும். மிஞ்சிய நீரையும் உப்புப் பிடித்துவைத்துக்கொள்ளும். பக்ரீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. நன்றாக உப்பேறிய கருவாடு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை காய்ந்தே கிடக்கும். அதற்கு மேலே போனால் உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். மாரியில் உப்புப் போத்தல் கசிவதற்கும், கருவாடு வேர்ப்பதற்கும், அதன்மேல் பூஞ்சணம் பிடிப்பதற்கும், சிலவேளை இளஞ்சிவப்பாக ஒரு படலம் படர்வதற்கும் காரணம் இதுதான். முந்தைய வீடுகளில் கருவாட்டையும் புளியையும் அடுப்புக்கு மேலே பரணில் வைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. விறகடுப்பு எரிகிற வீட்டில் மழைக்காலத்திலும் காய்ந்திருந்த ஒரே இடம் அது. காஸ் அடுப்பு வந்தபோது அந்த இடமும் போய்விட்டது.

ஆக, திருகோணமலை மாரியில் கரண்ட் போனபின் புதிதாக எதையும் பதப்படுத்த முடியாது. குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. கையிலுள்ள குளிரை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிப்பது, எதை முதலில் சாப்பிடுவது என்ற இரண்டைத்தான் தீர்மானிக்கலாம். இந்த இரண்டிலும் ஊரில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் பெரிய பிரிஜ் வைத்திருப்பவர்கள் அல்ல.

றெஜிபோம் பெட்டி

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்க வரும் காக்கா ஒருவரிடம் அவருடைய பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். அவருக்கு அதில் விருப்பமில்லை. வெட்கமொன்றுமில்லை, ஐஸ் உருகும் என்பதுதான்.

"மூடியத் தூக்காட்டி நாளைக்கு மத்தியானம் மட்டும் கிடக்கும் தம்பி. ஆக்கள் தூக்கித் தூக்கிப் பாத்தா அசருக்குள்ள தண்ணிதான்."

கடைசியில் திறந்தார். வெளியே மரச்சட்டம், உள்ளே றெஜிபோம். மூடிக்கு மேலே நனைந்த சாக்கு. அடியில் ஒரு மூலையில் சின்னத் துளை. அதில் சீலைத்துண்டு அடைத்திருக்கிறது. உருகிய தண்ணீர் கசிந்து போகவேண்டும், ஆனால் காற்று உள்ளே வரக்கூடாது. அடியில் ஐஸ், அதன்மேல் வயிற்றுப்புறம் கீழே பார்க்க அடுக்கிய மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன். மீனும் மீனும் முட்டும் இடம் குறைவு. ஓரங்களில் ஐஸ் தடிப்பாக இருக்கிறது, ஏனென்றால் சூடு சுவர் வழியாகத்தான் வரும். உடைத்த ஐஸோடு, கை அகலத்தில் இரண்டு முழுக்கட்டியும் கிடந்தன. உடைத்தது மீனைக் கெதியாகக் குளிராக்கும், கட்டி நின்று பிடிக்கும் என்றார். மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு மீன்பிடி நூல்கள் சொல்லும் அளவும் கிலோவுக்குக் கிலோதான்.

ஐஸ் ஏன் இவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பூச்சியம் பாகையில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் வெறுமனே உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதும். ஐஸ் முழுக்க உருகி முடியும்வரை பெட்டி பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். முடிந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். ஆகவே பெட்டிக்குள் ஒரு துண்டு ஐஸ் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எத்தனை மணித்தியாலம் ஆனது என்பதல்ல.

பிரிஜ் வைத்திருக்கும் வீட்டுக்காரர் குளிரை மாதச்சம்பளம் போல நினைக்கிறார். இன்றைக்குச் செலவழித்தாலும் நாளைக்கு வரும். மீன்காரருக்கு அது கையிலிருக்கும் காசு. கரண்ட் போன நிமிடமே வீட்டுக்காரரும் மீன்காரராகிவிட வேண்டும். பெரும்பாலும் நடப்பது எதிர்மாறு. கரண்ட் போனதும் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு "உள்ள என்ன கிடக்கெண்டு பாப்பம்" என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கதவைத் திறக்காமல் விட்டால் பிரிஜ்ஜின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணித்தியாலம் தாங்கும். மேலேயுள்ள உறைபெட்டி நிறையச் சாமான் இருந்தால் 48 மணித்தியாலம், பாதி நிறைந்திருந்தால் 24. உலகம் முழுக்க உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் கணக்கு இது. நிறைந்திருப்பதற்கும் பாதிக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று இப்போது விளங்கும். வெறும் இடத்தில் இருப்பது காற்று. அதனிடம் சேமிப்பு இல்லை. அந்த இடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பலாம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் முக்கால்வாசித் தண்ணீர் விட்டு உறையவைத்தால் செலவில்லாத ஐஸ் கட்டி. வளிமண்டலவியல் திணைக்களம் புயலென்று சொன்னதிலிருந்து காற்று வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் ஒரு நாளாவது கிடைக்கிறது. அந்த நேரத்தில் பாணுக்கும் மெழுகுதிரிக்கும் வரிசையில் நிற்கிற நாம், போத்தல் உறையவைப்பதை மறந்துவிடுகிறோம். கரண்ட் போனதும் இரண்டு போத்தலைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் அந்த 4 மணித்தியாலம் நீளும். மிச்சம் மேலேயே இருக்கட்டும். பெட்டியைச் சுற்றிப் போர்வையும் கட்டலாம். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்க்கவேண்டும். இல்லாவிட்டால் கொம்பிரசர் மூச்சடைத்துச் சாகும்.

இன்னொரு சின்ன வேலையும் புயலுக்கு முன்னர் செய்யலாம். ஒரு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயக் குற்றியை வைத்து, உறைபெட்டிக்குள் விட்டுவிடுங்கள். முகாமிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் நல்லது. கோப்பையின் அடியில் ஐஸுக்குள் உறைந்து கிடந்தால், இடையில் எல்லாம் உருகி, பிறகு கரண்ட் வந்து மறுபடி உறைந்திருக்கிறது. பார்வைக்குக் கல்லுப்போல இருக்கும் அந்த இறைச்சியை நாய்க்கும் போடக்கூடாது.

சூரை மீனின் சூழ்ச்சி

கரையோரத்தாருக்குத் தெரிந்திருக்கவேண்டிய, ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று. சூரை, கெலவல்லா, கும்பளா வகை மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிரில்லாமல் கிடந்தால் பக்ரீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் நாறவேண்டுமென்ற அவசியமில்லை. அதைச் சாப்பிட்டவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள், சிலவேளை சில நிமிடங்களிலேயே, முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் கடித்து, நெஞ்சு படபடக்கும். "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லும் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது சூரையா, பழுதான சூரையா என்று யாரும் பார்ப்பதில்லை. முக்கியமான விஷயம்: உண்டான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, திரும்ப உறையவைத்தாலும் போகாது. "நல்லா எரிச்சுக் காச்சினா ஒண்டும் செய்யாது" என்ற பழைய நம்பிக்கை இங்கே தோற்றுவிடுகிறது. கரண்ட் போன வீட்டில் முதலில் சட்டிக்குப் போகவேண்டியது இந்த வகை மீன்தான். இறைச்சி அடுத்தது.

சோற்றுக்கும் இப்படியொரு கதை இருக்கிறது. பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. வடித்த சோறு சூடாறிச் சட்டிக்குள் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சும் சூட்டுக்கு அசையாது. அப்படியானால் பழஞ்சோறு சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை எப்படிப் பிழைத்தது? சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். புளிக்கவைக்கும் பக்ரீரியா முந்திக்கொண்டு அமிலத்தை உண்டாக்கி மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்தது. தண்ணீர் ஊற்றாமல் மூடிவைத்த இரவுச்சோறு பழஞ்சோறு அல்ல, வெறும் பழைய சோறு. காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் விட்டுக் கரைக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நமது சமையலில் கெடுவதற்கு அவசரப்படும் முதல் ஆள் தேங்காய்ப்பால். சொதியும் பால்க்கறியும் அந்த நேரத்துக்கே. கரண்ட் இல்லாத நாளில் பாலைத் தனியே பிழிந்து அந்த வேளைக்கு வேண்டியதில் மட்டும் விடுவார்கள் தெரிந்த பெண்கள். நாளைக்கும் வேண்டியது புளி விட்டு வற்றக்காய்ச்சிய மீன். மீந்த கறிகளையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டவைக்கும் சுண்டக்கறிக்கு இந்த மாவட்டத்தில் ரசிகர் மன்றம் வைக்கலாம். அதன் பின்னணி ருசி மட்டுமல்ல. இரவு தளதளவென்று கொதிக்கவைத்து மூடியவர் காலையில் மறுபடி கொதிக்கும்வரை மூடியைத் திறக்கமாட்டார், கரண்டி போடமாட்டார். தண்ணீர் வற்ற வற்ற உப்பும் புளியும் உறைப்பும் செறிந்துவரும். ஆனால் சுண்டக்கறி நேற்றைய நல்ல கறிக்கான வைத்தியம். இன்றைக்குப் பிரிஜ்ஜிலிருந்து சந்தேகத்தோடு எடுத்த கறியைச் சுண்டவைத்துத் தேற்றலாம் என்று நினைப்பது வேறு.

கச்சானில் செய்யவேண்டிய வேலை

உண்மையில் மாரிக்கான ஆயத்தம் மாரியில் நடந்ததே இல்லை. பங்குனியில் வெயில் ஏறியதிலிருந்து புரட்டாதி வரைதான் காலம். மோர்மிளகாய், வடகம், உப்பில் ஊறிக் காய்ந்த தேசிக்காய், வறுத்து இடித்த மா, மிளகாய்த்தூள் எல்லாம் அந்த வெயிலின் பிள்ளைகள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களில் உப்பு விளைவதும் அதே வெயிலில். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வந்து இந்தக் கரையில் வாடி அடிப்பதும் தென்மேற்குப் பருவத்தில் அவர்களுடைய கடல் குழம்பிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான். மீன் மலிந்து, உப்பு மலிந்து, வெயிலும் மலிந்த ஒரே காலம் அது. கருவாடு ஏன் அப்போது போடப்படுகிறது என்று கேட்கவே வேண்டாம்.

பாரையையோ கட்டாவையோ முதுகுப் பக்கம் கீறி விரித்து, குடலும் செவுளும் எடுத்துக் கடல் தண்ணீரில் கழுவி, சதைக்குள் கீறல் போட்டு உப்பைத் திணித்து, தொட்டியில் அடுக்கிப் பாரம் வைப்பார்கள். பெரிய மீனென்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பு. ஒருநாள் இரண்டுநாள் தன் தண்ணீரிலேயே ஊறியதும் மேலுப்பைக் கழுவி, நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய தட்டியில் காயவைப்பார்கள். மணலில் நேரே போட்டுக் காயவைத்த கருவாடு பல்லில் நறநறக்கும், விலையும் குறையும். தென்பகுதியார் வெயிலையும் நம்பாமல் உப்பும் கொறுக்காப்புளியுமாக மீனைச் சட்டியில் அடுக்கி மூடி மாதக்கணக்கில் வைப்பார்கள், அதுதான் ஜாடி. ஈரமான மாரிக்கு, என் கணிப்பில், கருவாட்டைவிடப் பொருத்தமான சரக்கு ஜாடிதான். ஆனால் நம் பக்கத்து வீடுகள் அதை ஏனோ சுவீகரிக்கவில்லை.

தயிர் இன்னொரு பழைய காப்புறுதி. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் எருமைத் தயிருக்குப் பெயர்போன ஊர்கள். மண்சட்டியில் உறைந்த தயிர் பிரிஜ்ஜைக் காணாமலே பஸ் ஏறிக் கொழும்பு போய்ச் சேர்ந்த பொருள். சட்டி கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும். புளிப்பு மிச்ச வேலையைப் பார்க்கும். நாள் போகப் போகப் புளிக்கும், அவ்வளவுதான். பால் அப்படியல்ல. இலங்கை வீடுகள் பசும்பாலை விட்டுப் பால்மாவுக்கும், மீனில்லாத நாளில் ரின்மீனுக்கும் பழகிப்போனதற்குக் குளிரூட்டல் எட்டாமல் இருந்த நீண்ட காலமும் ஒரு காரணம். திறந்த ரின்னை அன்றே முடிக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

எண்ணெய்க் குதங்களின் ஊரில்

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அது மாரியல்ல, புயலுமல்ல, டொலர் இல்லை. ஐஸ் போட ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை, சமைக்கக் காஸ் இல்லை. அந்த வருடம் ஜனவரியில்தான் சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்க் குதங்களைப் பங்கிடும் ஒப்பந்தம் கையெழுத்தானது: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐஓசிக்கு 14, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்கென்று கட்டிய அந்தக் குதங்கள் நிற்கும் ஊரில் சனம் மண்ணெண்ணெய்க் கலனோடு வரிசையில் நின்றது. வரலாறு சிலவேளைகளில் பகிடியும் விடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழுத்தீவும் இருண்டது போல.

அந்த நாட்களில் கைகொடுத்தவற்றில் ஒன்று பேக்கரிப் போறணை. விறகில் எரியும் போறணைக்குக் கரண்ட் தேவையில்லை; மாப் பிசையக் கை இருந்தால் போதும். சீனக்குடாவிலேயே பிறிமா மாவாலை இருக்கிறது. பாணும் சம்பலும் அன்றன்றைக்கு முடிந்துவிடும் சாப்பாடு. மிச்சமே இல்லாத இடத்தில் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

கூரையில் சோலார் பூட்டிய வீட்டுக்காரர்கள் புயலன்று திகைப்பதும் உண்டு. பிரதான கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிறவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பற்றரி தனியாக இருந்தாலொழிய அந்தக் கண்ணாடித் தகடுகள் அன்றைக்கு மழையைத்தான் வாங்கும். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் என்று 2006இலிருந்து பேசி 2016இல் கைவிட்டு, இப்போது 120 மெகாவாற் சோலார் என்று 2025 ஏப்ரலில் தொடக்கிவைத்திருக்கிறார்கள். அது வந்தாலும் மூதூரில் ஒரு தெருவில் மரம் விழுந்தால் அந்தத் தெரு இருட்டுத்தான்.

அதனால்தான் எனக்குப் பெரிய மின்நிலையத்தைவிட ஐஸ் தொழிற்சாலை முக்கியமாகத் தெரிகிறது. புயலுக்குப் பின் வைத்தியசாலைக்கும் நீர்வழங்கலுக்கும் முதலில் கரண்ட் கொடுப்பது நியாயம். அடுத்த இடத்தில் ஐஸ் போடும் இடங்கள் இருக்கவேண்டும். ஐஸ் இருந்தால் மீன்காரர் பிழைப்பார், கடைக்காரர் பிழைப்பார், வீட்டுக்காரரும் றெஜிபோம் பெட்டியோடு வந்து ஒரு கட்டி வாங்கிப் போவார். ஒரு தொழிற்சாலைக்குப் போகும் கரண்ட் ஆயிரம் பிரிஜ்ஜின் வேலையைச் செய்யும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிஜ் நின்றதும் அதிகம் பதறுகிறவர்கள் இன்சுலின் போடுகிற வீட்டார். பாவனைக்கு எடுத்த இன்சுலினில் பெரும்பாலான வகைகள் 30 பாகைக்குக் கீழே 28 நாள்வரை பிரிஜ்ஜுக்கு வெளியே இருக்கலாம். மாரியின் 24, 28 பாகை உதவிக்கு வரும் ஒரே இடம் இது. திறக்காத குப்பிகளை ஐஸ் பெட்டிக்குள் துணியில் சுற்றி, ஐஸில் நேரே முட்டாமல் வைக்கவேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது. உங்களுடையது எந்த வகை என்பதை மழைக்கு முன்னரே டொக்டரிடமோ பாமசியிலோ கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. முதல் வருகையில் அழுத்தம் கூடியும் குறைந்தும் அடிக்கும். பிரிஜ் பிளக்கைக் கழற்றிவைத்து, நிலையானதும் போடலாம். கீழ்த்தட்டில் 4 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த சமைத்த சாப்பாடு, பால், இறைச்சி எல்லாம் வெளியே. வெண்ணெய், ஊறுகாய், ஜாம், கழுவாத முட்டை இருக்கட்டும். உறைபெட்டியில் இன்னும் ஐஸ் மணிகள் ஒட்டியிருக்கும் இறைச்சியை அன்றே காய்ச்சலாம். மணந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ருசி பார்த்து ஒருபோதும் கூடாது.

சந்தையிலும் அந்தக் கிழமை கண் வேண்டும். கடல் இன்னும் அடங்காமல் பெரிய வள்ளங்கள் போகாத நாளில் மலிவாகப் பெரிய மீன் கிடைத்தால், அது எங்கேயோ ஒரு பிரீசரில் உருகி எழும்பியதாக இருக்கலாம். கண் குழிந்திருக்கும், செவுள் மண்ணிறமாகியிருக்கும், அமத்தினால் விரல் பட்ட பள்ளம் அப்படியே நிற்கும். தெருவில் காக்காவின் ஹோன் கேட்டு ஓடிவந்த ஒரு அக்கா பெட்டிக்குள் கையை விட்டு மீனின் வயிற்றை நசித்துக்கொண்டே கேட்டார்:

"காக்கா, உண்மையச் சொல்லுங்கோ. இது எந்தக் கிழமை மீன்?"

"போன கிழமை மீன் வேணுமெண்டா ரவுணுக்குப் போங்க தங்கச்சி, மலிவாக் கிடக்கு. இது காலமை கொட்டியாரத்துல பட்ட கீரி. எடுக்கிறெண்டா எடுங்க, மூடியப் போடோணும்."